நாடு மாறும்போது எதை முதலில் முடிவு செய்வது: மருத்துவக் காப்பா, வரிக் குடியிருப்பா?

வேறொரு நாட்டுக்குக் குடிபெயர முடிவெடுத்தவர்களில் பலர் 183 நாள் என்ற ஒரே எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு திட்டமிடுகிறார்கள். அந்த எல்லைக்குள் இருந்தால் பழைய நாடு, தாண்டினால் புதிய நாடு. வரியும் அப்படியே, மருத்துவமும் அப்படியே என்பது அவர்கள் போடும் கணக்கு. இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் பிசகுகிறது. முதலாவதாக, வரிக் குடியிருப்பை, அதாவது ஒருவரைத் தன் குடியிருப்பாளராகக் கருதி வரி கேட்கும் நாடு எது என்பதை, இந்த எண்ணால் மட்டுமே தீர்மானிக்காத நாடுகள் பல உண்டு. ஜெர்மனியில் ஒருவர் தம் பயன்பாட்டுக்கென்று ஒரு வீட்டைத் தொடர்ந்து வைத்திருந்தாலே, ஆண்டில் சில வாரங்கள்தான் அங்கே தங்கினார் என்றாலும், வரிக் குடியிருப்பாளர் ஆகிவிடக்கூடும். சுவிட்சர்லாந்தில் வேலை செய்பவருக்கு 30 நாளும், வேலை செய்யாமல் தங்குபவருக்கு 90 நாளும் போதும். சைப்ரஸில் சில நிபந்தனைகளோடு 60 நாளிலேயே அந்த நிலை கிட்டுகிறது. பிரிட்டனிலோ, முந்தைய மூன்று ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றில் குடியிருப்பாளராக இருந்தவர், வெளிநாட்டில் முழுநேர வேலை பார்ப்பவராக இல்லாவிட்டால், ஓராண்டில் 16 நாளுக்குக் குறைவாகத் தங்கினால்தான் வேறு கேள்வியின்றி வெளியாளாக ஏற்கப்படுவார். அதற்கு மேல் 183 வரை அவருடைய குடும்பம், வீடு, வேலை ஆகிய பிணைப்புகள் ஒவ்வொன்றாக எண்ணப்படும்.

இரண்டாவது பிசகு இன்னும் பெரியது. மருத்துவ உரிமையை முடிவு செய்யும் அளவுகோலே வேறு. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை, அந்நாட்டில் சட்டப்படியும் நிலையாகவும் வாழ்பவருக்கு உரியதே தவிர, வரி கட்டியவருக்கு உரியதன்று. அங்கே சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாட்டில் குடியேறியவர் அந்த வாடகைக்கு ஆண்டுதோறும் அங்கே வரி கட்டிக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்த வரி அவருக்கு இலவசச் சிகிச்சை உரிமை எதையும் பெற்றுத் தராது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவத் திட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள, எந்த 12 மாத காலத்திலும் பொதுவாக 153 நாளாவது மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். அதே கனடாவின் வரிச் சட்டமோ நாள்களைவிட வீடு, துணை, பிள்ளைகள் ஆகிய பிணைப்புகளையே முதலில் பார்க்கிறது. ஆகவே வரிக்கு ஒரு நாடு விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, அதே நாட்டின் மருத்துவத் திட்டம் எப்போதோ கைவிட்டிருக்கும் நிலை சாதாரணமாகவே நேர்கிறது. நாடு மாறுவோர்முன் உள்ள நான்கு வழிகளை இந்த இடைவெளியைக் கருத்தில் கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் செலவு குறைவு என்பதைவிட, எந்த வழியில் செய்யும் தவறு திருத்தக்கூடியது என்று பார்ப்பதே சரியான அளவு என்பது என் கருத்து. இரண்டு நாடுகள் ஒரே ஆளைத் தம் வரிக் குடியிருப்பாளர் என்று கோரினால், அவற்றுக்கிடையே இரட்டை வரி விதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கும்பட்சத்தில் அதைத் தீர்க்க ஒரு வரிசை உண்டு. பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி வகுத்த மாதிரி ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு முதலில் நிரந்தர வீடு எங்கே என்று கேட்கிறது. இரண்டிடத்திலும் வீடிருந்தால் குடும்ப, பொருளாதார உறவுகளின் மையம் எங்கே என்று கேட்கிறது. அதுவும் தெளியாவிட்டால் வழக்கமாக எங்கே தங்குகிறார், பின்னர் எந்நாட்டுக் குடிமகன் என்று போய், கடைசியில் இரு நாட்டு அதிகாரிகளும் பேசி முடிவு செய்யட்டும் என்று விடுகிறது. ஒரு நாட்டில் கட்டிய வரியை மற்ற நாட்டில் கழித்துக்கொள்ளவும் வழியுண்டு. தவறு நேர்ந்தால் வட்டியும் அபராதமும் வரும், அலைச்சலும் வரும்; ஆனால் பணத்தால் முடிகிற காரியம் அது. மருத்துவத்தில் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 883/2004 என்ற விதிமுறை, ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குத்தான் உட்படுவார் என்று வகுத்து, எந்த நாடு என்பதையும் சொல்லிவிடுகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே, இரண்டு நாடுகளும் 'எங்கள் பொறுப்பு இல்லை' என்று கைவிரித்தால் முறையிடப் பெரும்பாலும் இடமில்லை. காப்பு இல்லாத இரண்டு மாத இடைவெளியில் கண்டறியப்படும் சர்க்கரை நோய், அதற்குப் பின் வாங்கும் தனியார் பாலிசிகளில் 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடுகிறது. எந்த அபராதத்தைக் கட்டினாலும் அந்தத் தேதியை மாற்ற முடியாது.

முதல் வழி, பழைய நாட்டை முழுமையாக விட்டுவிட்டுப் புதிய நாட்டில் வரிக்கும் மருத்துவத்துக்கும் ஒருசேரக் குடியேறுவது. நிரந்தரமாகப் போகிற குடும்பங்களுக்கு இதுவே இயல்பானது. ஆனால் 'அங்கே பொது மருத்துவம் நன்றாக இருக்கிறது' என்ற பேச்சோடு நின்றுவிடாமல், அந்த நாட்டின் கதவு புதிதாக வருபவருக்கு எந்த நாளில், எந்த நிபந்தனையோடு திறக்கிறது என்று பார்க்க வேண்டும். நாட்பட்ட நோயோடு வருபவருக்கு மிகவும் இணக்கமானவை, காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கும் சுவிட்சர்லாந்தும் நெதர்லாந்தும் என்று சொல்வேன். சுவிட்சர்லாந்தில் வந்த மூன்று மாதத்துக்குள்ளும் நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்குள்ளும் அடிப்படைக் காப்பீடு எடுக்க வேண்டும்; அந்தக் கெடுவுக்குள் எடுத்தால் அது முதல் நாளிலிருந்தே செல்லுபடியாகும்; வயதையோ நோயையோ காட்டி அடிப்படைக் காப்பீட்டை மறுக்க நிறுவனங்களுக்கு உரிமையில்லை. பிரீமியம் சுமையாகத் தோன்றலாம். ஆனால் 58 வயதில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு இப்படியொரு விதி வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

பிரான்ஸில் 2016 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுக் காப்பில், வேலை செய்யாமல் வந்து குடியேறுபவர் மூன்று மாதம் நிலையாக வசித்த பிறகே சேரலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்து சேர்ந்த மாதத்தின் எஞ்சிய நாள்களும் அடுத்த இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும். ஸ்பெயினில் வேலையும் ஓய்வூதிய உரிமையும் இல்லாதவர் மாதக் கட்டணம் செலுத்திப் பொதுக் காப்பில் சேரும் சிறப்பு ஏற்பாட்டுக்கு ஓராண்டு வசித்திருக்க வேண்டும். பிரிட்டன் இதில் நேர்மாறானது: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கூடுதல் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, விசா நடைமுறைக்கு வந்ததும் பொதுச் சேவையைத் திறந்துவிடுகிறது. வேலைக்குப் போனால் வரியையும் சமூகக் காப்புத் தொகையையும் தனியாகக் கட்ட வேண்டும் என்பதால் 'ஒரே சேவைக்கு இருமுறை கட்டுகிறோம்' என்று குறைபட்டுக்கொள்வோர் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனாலும் இடைவெளி இல்லை என்பதற்கு ஒரு விலை உண்டென்று எடுத்துக்கொண்டால் அது அவ்வளவு உறுத்தாது.

ஜெர்மனியைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே முதல் மாதத்தில் எடுக்கும் முடிவு முதுமை வரை தொடர்கிறது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர் பொதுக் காப்பை விட்டுத் தனியார் காப்புக்குப் போகலாம். இளமையில் அது மலிவாகவும் இருக்கும். பொதுக் காப்பில் சந்தா வருமானத்தைப் பொறுத்தது, வருமானமில்லாத துணையும் பிள்ளைகளும் கூடுதல் சந்தாவின்றிச் சேர்ந்துகொள்வார்கள். தனியாரில் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரீமியம். 55 வயதுக்குப் பிறகு தனியாரிலிருந்து பொதுக் காப்புக்குத் திரும்புவது மிகச் சில விலக்குகளைத் தவிர இயலாது. இரண்டே ஆண்டு இருந்துவிட்டுப் போகிற திருமணமாகாத இளைஞருக்குத் தனியார் பொருந்தலாம். தங்கிவிடும் எண்ணம் பாதியளவு இருந்தாலும் நான் பொதுக் காப்பையே சொல்வேன்.

இந்த முதல் வழியில் வரிப் பக்கத்தின் சிக்கல் வெளியேறும் நாளில் இருக்கிறது. கனடா, வெளியேறுபவர் தம் பங்குகள் உள்ளிட்ட பல சொத்துகளை அன்றைய சந்தை விலைக்கு விற்றுவிட்டதாகக் கருதி, விற்காமலேயே ஆதாய வரி கணக்கிடுகிறது. ஜெர்மனி நிறுவனமொன்றில் குறைந்தது 1 விழுக்காடு பங்கு வைத்திருப்பவரிடம் இதை ஒத்த வரியைக் கேட்கிறது. ஒரு தொழிலைத் தொடங்கி வளர்த்து, பங்குகளை இன்னும் விற்காமல் வைத்திருப்பவர் மட்டும் என் 'மருத்துவம் முதலில்' என்ற வரிசையைத் தலைகீழாக்கி, வரி ஆலோசகரை முதலில் பார்க்கட்டும். மற்றவர்களுக்கு வெளியேறும் தேதி பெரும்பாலும் கணக்குத் தொல்லைதான். இந்தியாவின் வரி ஆண்டு ஏப்ரல் 1இலும் பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6இலும் தொடங்க, ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சனவரி 1இல் தொடங்குவதால், நடு ஆண்டில் மாறுபவர் சில மாதங்களுக்கு இரு நாட்டுக்கும் குடியிருப்பாளராகத் தெரிவார். பிரிட்டன் தகுதியுள்ளவருக்கு ஆண்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. எல்லா நாடுகளும் அப்படிச் செய்வதில்லை.

மருத்துவமும் வரியும் ஒன்றையொன்று நேரடியாகத் தொடும் இடங்களும் இங்கேதான் வருகின்றன. பிரான்ஸில் வேலை வருமானம் குறைவாகவும் மூலதன வருமானம் மிகுதியாகவும் உள்ளவரிடம், பொதுக் காப்புக்காக அந்த மூலதன வருமானத்தின் மீது 6.5 விழுக்காடு வரை தனியே வசூலிக்கப்படலாம். மாறாக, மற்றோர் ஐரோப்பிய நாட்டின் ஓய்வூதியத்தோடு வந்து, அந்த நாடு வழங்கும் எஸ்1 படிவத்தின்மூலம் மருத்துவச் செலவை அந்நாட்டின் பொறுப்பிலேயே வைத்திருப்பவருக்கு, ஓய்வூதியத்தின் மீதான பிரெஞ்சு சமூகப் பங்களிப்பிலிருந்து விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் பொது மருத்துவத்துக்கென்று வருமானத்தில் 2 விழுக்காடு பிடிக்கிறார்கள். வரிக்குக் குடியிருப்பாளராக இருந்தும் பொது மருத்துவத்துக்குத் தகுதியில்லாத தற்காலிக விசாக்காரர், அதற்கான சான்றிதழ் பெற்று இந்தப் பிடித்தத்திலிருந்து விலக்குக் கோரலாம். கேட்காதவருக்கு அந்த விலக்கு தானாக வருவதில்லை.

இரண்டாவது வழி, நிறுவனம் அனுப்பிப் போவது. இதில் பழைய நாட்டின் சமூகப் பாதுகாப்பிலேயே தொடரலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், அதை உறுதிசெய்யும் ஏ1 சான்றிதழோடு பொதுவாக 24 மாதம் வரை. வரியில், மேற்சொன்ன மாதிரி ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவு, சென்ற நாட்டில் எந்த 12 மாதத்திலும் 183 நாளுக்கு மேல் தங்காமலும், சம்பளம் கொடுப்பவர் அந்நாட்டவராக இல்லாமலும், அந்தச் சம்பளச் செலவை அங்குள்ள கிளை ஏற்காமலும் இருந்தால், அந்தச் சம்பளத்துக்குச் சென்ற நாட்டில் வரியில்லை என்கிறது. பலருடைய மனத்தில் பதிந்துபோன 183 பெரும்பாலும் இங்கிருந்து வந்ததுதான். அது சம்பளத்துக்கு எங்கே வரி என்பதைப் பற்றிய எண். குடியிருப்பு எது என்பதைப் பற்றியதன்று, அதிலும் மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே இரு நாட்டுச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் பலவும் ஓய்வூதியத்தோடு நின்றுவிடுவதால், மருத்துவத்தை நிறுவனத்தின் குழுக் காப்பீடே தாங்க வேண்டும். அந்தக் காப்பீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போன அன்று அல்லது அந்த மாத இறுதியில் அதுவும் போகும். போகும் முன் நிறுவனத்திடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பணி முடிந்தபின் உடல்நலக் கேள்விகள் இல்லாமல் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ளலாமா, துணையும் பிள்ளைகளும் எந்த நாளிலிருந்து சேர்கிறார்கள்? மற்றபடி குறுகிய காலத்துக்கு இதுவே மிகக் குறைந்த தொல்லையுள்ள வழி.

மூன்றாவது, பழைய நாட்டில் குடியிருப்பை வைத்துக்கொண்டே புதிய நாட்டில் ஆண்டின் ஒரு பகுதியைக் கழிப்பது. பிள்ளைகள் வீட்டில் சில மாதங்கள் தங்கும் முதியோரும், ஊர்விட்டு ஊர் வேலை செய்யும் இணையப் பணியாளர்களும் இதைத் தேர்கிறார்கள். நாள்களை எண்ணுவதில் கவனம் வேண்டும். அமெரிக்கா நடப்பு ஆண்டின் நாள்களை முழுதாகவும், முந்தைய ஆண்டின் நாள்களில் மூன்றில் ஒரு பங்கையும், அதற்கு முந்தைய ஆண்டின் நாள்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டி 183 எட்டுகிறதா என்று பார்க்கிறது. ஆண்டுக்கு 120 நாள் வீதம் மூன்றாண்டு தங்கினால் கூட்டுத்தொகை 180. 122 நாள் வீதம் தங்கினால் சரியாக 183. அந்த இரண்டு நாளில் ஒருவர் வரம்பைத் தொட்டுவிடுகிறார்; அதற்குப் பின் தம் உறவுகளின் மையம் வேறு நாட்டில் இருப்பதாகப் படிவம் கொடுத்து வாதிட வேண்டும். இந்தியாவிலோ 182 நாள் ஒரு வரம்பு. அதோடு, ஓராண்டில் 60 நாளும் முந்தைய நான்காண்டில் 365 நாளும் இருந்தாலும் போதும் என்ற இன்னொரு வரம்பும், வேலைக்காக வெளியேறும் குடிமக்களுக்கு அதில் தளர்வும் உண்டு.

மருத்துவத்தில் இந்த வழியின் பலவீனம் பயணக் காப்பீடு. பயணக் காப்பீடு என்பது, திரும்பி வரப்போகிற ஒருவருக்கு இடையில் நேரும் அவசரத்துக்காக எழுதப்பட்டது. பயணம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், ஒரு பயணம் அதிகபட்சம் எத்தனை நாள், பாலிசி எடுப்பவர் எந்த நாட்டில் வசிக்க வேண்டும் என்பவை அதில் எழுதியிருக்கும். அந்த வசிப்பு நிபந்தனை பொய்யாகிவிட்டால், பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். எலும்பு முறிவுக்கு அது உதவும். புற்றுநோய்க்கு அது செய்வதெல்லாம் நிலைமை சீரானதும் ஊருக்கு அனுப்பிவைப்பதுதான். ஐரோப்பிய மருத்துவக் காப்பு அட்டையும் தற்காலிகத் தங்கலுக்கானதே. ஓராண்டு வரை இந்த வழியை ஏற்கலாம், அதற்கு மேல் ஆண்டுதோறும் நீட்டிக்கொண்டே போவது வீடு மாறிய பிறகும் விடுதி அறையிலேயே படுத்துக்கொள்வதைப் போன்றது.

நான்காவது வழியைப் பற்றித்தான் இணையத்தில் அதிகம் பேசுகிறார்கள்: வருமான வரி இல்லாத நாட்டில் குடியிருப்பை வைப்பது, அல்லது எந்த நாட்டிலும் வரிக் குடியிருப்பாளர் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருப்பது. இரண்டும் ஒன்றல்ல. ஐக்கிய அரபு அமீரகம் 2023 மார்ச் முதல் தன் குடியிருப்பு விதியைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது: 183 நாள் இருந்தால் குடியிருப்பாளர், வசிப்பு அனுமதியோடு அங்கே நிரந்தர வீடோ வேலையோ தொழிலோ இருந்தால் 90 நாளும் போதும். சான்றிதழும் கிடைக்கும், தனிநபர் வருமான வரியும் இல்லை. எங்கும் குடியிருக்காமல் இருப்பதோ காகிதத்தில் மட்டும் நன்றாயிருக்கும் ஏற்பாடு. அமெரிக்கக் குடிமக்களுக்கு அது அறவே பொருந்தாது. அவர்கள் எங்கே வாழ்ந்தாலும் அந்நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வருமானம் நீங்கலாக ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள இந்தியக் குடிமகன் வேறெந்த நாட்டிலும் குடியிருப்பின் பேரில் வரிக்கு உட்படவில்லையென்றால், 2020-21 நிதியாண்டு முதல் இந்தியச் சட்டம் அவரைக் குடியிருப்பாளராகவே கருதுகிறது. சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவர் என்ற வகையில் வைப்பதால் வெளிநாட்டு வருமானம் பெரும்பாலும் வரிக்கு வராது, ஆயினும் 'எங்கும் இல்லாதவர்' என்ற நிலை அங்கே முடிந்துவிடுகிறது. இவற்றுக்கு மேல், நாடுகள் 2017 முதல் வங்கிக் கணக்கு விவரங்களைத் தமக்குள் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. கணக்குத் தொடங்கும்போதே 'உங்கள் வரிக் குடியிருப்பு நாடு எது' என்று எழுத்தில் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தை வெற்றாக விட முடியாது.

இந்த வழியில் போகிறவருக்கு மருத்துவம் என்பது பன்னாட்டுத் தனியார் காப்பீடு. 35 வயதில் நலமாக இருக்கும்போது எடுத்தால் அது சிறந்த பொருள்தான்: பல நாடுகளில் செல்லும், வேண்டிய மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். இருக்கும் நோயை நிரந்தரமாக விலக்கிவிடுவார்கள், அல்லது அந்த நோய்க்காகச் சிகிச்சையோ மருந்தோ இல்லாமல் வழக்கமாக 24 மாதம் கழிந்தால் சேர்த்துக்கொள்வோம் என்பார்கள். நாள்தோறும் இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவருக்கு அந்த 24 மாதம் ஒருநாளும் முடியாது. பிரீமியம் வயதோடு ஏறும்; அமெரிக்காவைச் சேர்த்தால் இன்னும் கூடும். வரிச் சலுகையின் ஆயுளும் காப்பீட்டுத் தேவையின் ஆயுளும் ஒன்றல்ல என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போர்ச்சுகல் புதிதாகக் குடியேறுவோருக்கு வழங்கிவந்த புகழ்பெற்ற வரிச் சலுகையை, இடைக்கால விலக்குகள் நீங்கலாக, 2024 முதல் மூடியது. பிரிட்டன் இரு நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்த வெளிநாட்டு வருமானச் சலுகையை 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டு, புதிதாக வருவோருக்கு நான்காண்டுச் சலுகையோடு நிறுத்திக்கொண்டது. இப்படி ஒரு சலுகை முடிந்து அடுத்த நாட்டுக்கு மாறும்போது, முன்பைவிட நான்கைந்து வயது கூடிய உடம்போடுதான் புதிய விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

நான்கு வழிகளிலும் திரும்பி வருவதைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் முதன்மையாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பான மெடிகேர் பொதுவாக நாட்டுக்கு வெளியே சிகிச்சைக்குப் பணம் தராது. அதனால் வெளிநாட்டில் வாழ்பவர், மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்காக மாதப் பிரீமியம் கட்டும் அதன் பி பகுதியை வேண்டாமென்று விடுவது இயல்பு. பின்னர் திரும்பி வந்து சேர்ந்தால், வேலைவழிக் காப்பு போன்ற விலக்கு இல்லாதபட்சத்தில், தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 விழுக்காடு என்று பிரீமியம் கூடும். அந்தக் கூடுதல் வழக்கமாக அந்தப் பகுதியில் இருக்கும்வரை நீங்காது. இந்தியாவில் 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பை அதிகபட்சம் மூன்றாண்டாகவும், அதன்பின் மறைத்த நோய் என்று கூறி, மோசடி நிரூபணமானாலன்றி, கிளெய்மை மறுக்க இயலாத நிலைக்கான காலத்தை ஐந்தாண்டாகவும் குறைத்தது. இரண்டும் தொடர்ச்சியாகப் புதுப்பித்த பாலிசிக்குத்தான். வெளிநாடு போகும் ஒருவர் 'பயன்படாததற்கு ஏன் கட்ட வேண்டும்' என்று பத்தாண்டுப் பாலிசியை நிறுத்தினால், திரும்பி வரும் நாளில் அந்தப் பத்தாண்டும் கணக்கில் இராது.

ஆகவே 50 வயதைக் கடந்தவரோ நாட்பட்ட நோயுள்ளவரோ குடும்பத்தில் ஒருவர் இருந்தாலும், வரி எவ்வளவு கூடினாலும் முதல் வழியையும், அதிலும் நோயைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் நாட்டையும் தேர்வதுதான் என் பரிந்துரை. மூன்றாண்டுக்குள் திரும்புவது உறுதியென்றால் இரண்டாவது வழி. நலமான, தனியான, 40க்கு உட்பட்டவர் நான்காவது வழியை அமீரகம் போன்ற தெளிவான விதியுள்ள நாட்டில் வைத்துக்கொண்டு முயலலாம். ஆனால் பன்னாட்டுப் பாலிசியை இன்றைய வயதில், இன்றைய உடல்நிலையில் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வரி அலுவலகத்துக்கு வெளியேறும் தகவலைக் கொடுக்கட்டும். எந்த வழியானாலும், புதிய காப்பு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, எந்த நோய்களை விலக்குகிறது என்று எழுதப்பட்ட கடிதம் கையில் கிடைக்கும்வரை பழைய பாலிசியை ரத்து செய்ய வேண்டாம். இரண்டு பாலிசிக்கும் சேர்த்துப் பணம் கட்டும் அந்த ஓரிரு மாதச் செலவை விமான டிக்கெட் செலவோடு சேர்த்தே திட்டமிட்டுவிடலாம்.